தேங்கிய நீர்

நாலரை மணிக்குக் கடற்பாலம்.
மோட்டார் சைக்கிள் நெரிசலில்
கட்டைவிரலை வைத்து எல்லை தாண்டி
லிம் சூ காங் வந்து சேர்வதற்குள்
என் தலைக்கவசக் கண்ணாடி முழுக்கச்
செத்த பூச்சிகள்.
அதைத் துடைத்த துணியை அலசிப் போட்டுவிட்டுத்தான்
பில்லியின் முகமூடியை எடுப்பேன்.

பந்தயத்தில் அவன் பெயர் பில்லியனர்.
பதினொரு ஓட்டம். சம்பாதித்தது
முழங்காலில் ஒரு வீக்கம்.
இப்போது அரை மணிக்கு இவ்வளவு என்று
பிள்ளைகளைச் சுமக்கிறான்.

ஏழே காலுக்குள் மாட்டிவிட வேண்டும்.
அப்புறம் வெயில் வந்துவிடும்,
வெயிலுக்குப் பின்னால் ஈ.
எதிர்ப்பக்க முட்டைப் பண்ணையிலிருந்து வருபவை.
அவற்றிடம் யாரும் கடவுச்சீட்டு கேட்பதில்லை.

முதலில் மூக்கின் மேல் கை வைத்துச் சொல்ல வேண்டும்,
நான்தான் என்று.
பிறகு காதுகளை ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும்,
தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குப்
பள்ளிச் சட்டை போடுவதுபோல.
வலை இமைமயிரைத் தொடக்கூடாது.
தாடைக்குக் கீழே ஒட்டுப்பட்டை,
அதற்கடியில் என் இரண்டு விரல் புக வேண்டும்.
இறுக்கினால் உரசிப் புண்ணாகும்.
தளர்த்தினால் ஓர் ஈ உள்ளே போய்விடும்.
வெளியே சுற்றும் ஆயிரத்தைவிட
உள்ளே மாட்டிய ஒன்று மோசம்.
வீட்டில் இதைச் சொன்னபோது
யாரைச் சொல்கிறாய் என்று கேட்டார் என் கணவர்.

சனிக்கிழமைப் பிள்ளைகளின் கேள்வி வேறு:
"ஆன்ட்டி, ஏன் கண்ணைக் கட்டிட்டீங்க?"
அதற்காகவே ஒருநாள் நானும் போட்டுப் பார்த்தேன்.
வைக்கோல் வாடை, அவன் வியர்வை, வேப்பெண்ணெய்.
வேலி தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.
தூங்குமூஞ்சி மரம் இலை இலையாகத் தெரிந்தது,
எல்லாம் கொஞ்சம் மங்கலாக,
புகைமூட்ட மாதத்தில் பார்ப்பதுபோல.

முதலாளியம்மா திருமதி குவீ கணக்குப் பார்ப்பவர்.
இடது கண்ணில்தான் பார்வையே இல்லையே,
அந்தப் பக்கம் கிழிந்தால் என்ன,
புதுசு எதற்கு?
நான் புதுசு கேட்கவில்லை.
தூண்டில் நரம்பால் தைத்துக்கொண்டேன்.
ஆனால் ஈ பார்வையைத் தேடி வருவதில்லை அம்மா,
நீரைத் தேடி வருகிறது.
பார்வை நின்று ஒன்றரை வருடம்.
நீர் நிற்கவில்லை.

நேற்று சுற்றுப்புற வாரியத்திலிருந்து ஹைருல் வந்தார்,
கொசுப்புழு தேடி.
வாளிகளைக் கவிழ்த்தார்.
பூச்சட்டித் தட்டுகளைச் சாய்த்தார்.
தகரக் கூரையின் மடிப்பில் டார்ச் அடித்தார்.
சேற்றில் பதிந்திருந்த குளம்புத் தடங்களைக்கூட
குனிந்து குனிந்து பார்த்தார்.
தேங்கிய நீர்: இல்லை.
எழுதிக்கொண்டார்.

போகிற போக்கில் பில்லியின் கொட்டடியில் நின்றார்.
நான் முகமூடியைக் கழற்றிப்
பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன்.
இடது கண்ணின் மூலையில்
ஒரு சிறு குளம்.
டார்ச்சை அணைக்க மறந்திருந்தார்.
வெளிச்சம் வலது கண்ணில் பட்டது,
படுத்த கோடாய்ச் சுருங்கியது பாவை.
இடது கண்ணில் பட்டது.
நீலச் சாம்பல். அசையவில்லை.

"பூத்தா?" என்றார்.

குருடா என்று மலாயில் கேட்கிறார்.
தெரியாமல் இல்லை,
ஜொகூரில் பிறந்து வளர்ந்தவள் நான்.
ஆனாலும் அந்த நொடி
என் காது தமிழில் இருந்தது.
பூ விழுந்த கண்.
ஆமாம் என்றேன், பூத்துத்தான் இருக்கிறது.

அவர் டார்ச்சை அணைத்தார்.
அந்த நீரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
மூலைக்கு வந்து உட்கார்ந்த ஓர் ஈயைப்
படிவ அட்டையால் விசிறினார்.
அது போய்த் திரும்ப வந்தது.
நான் இரண்டு காதையும் நுழைத்து
இரண்டு விரலை அடியில் விட்டுப் பார்த்து
பட்டையை ஒட்டும் வரை
விசிறிக்கொண்டே நின்றார்.